வேலூருக்குப் போன வண்டி

அன்று இருந்தவர்கள்:

நீலாம்பாள். பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் வீட்டிலேயே தங்கித் தறியில் உட்காருகிறவள். சில ஆண்டுகளுக்கு முன் அவள் கணவனை ஒரு வாடகைக் காரில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் பிணமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் உயிர் போனதாக மாமனார் சொன்னார். பாயில் கிடத்தியபோது முட்டிகள் நிமிரவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே விறைத்துப் போயிருந்தான். காரிலேயே இறந்திருக்கிறான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. யாருடைய கார் என்று சொல்லாமலே மாமனாரும் போய்ச் சேர்ந்தார். கறுப்புக் கார் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அமாவாசையன்று ஊரில் தறி ஓடாது. அமாவாசைக்கு அமாவாசை, விலைக்கு வந்த பழைய கார் எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு தடவை உட்கார வேண்டும், கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்க வேண்டும் என்பாள்.

வீரபாகு. அவளுடைய அண்ணன். பட்டுச் சேலைகளை மூட்டை கட்டி பஸ்ஸில் மெட்ராஸ் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவன். இரண்டு மழைக்கு முன் ஒரு மூட்டை நனைந்து சாயம் இறங்கியதிலிருந்து அவனுக்கு நிஜமாகவே ஒரு கார் தேவைப்படுகிறது. வாங்கப் போகும் பணத்தில் பாதி தங்கையுடையது. வாங்கினால் அந்த வண்டியைத்தான் வாங்க வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

அந்தோணி. செவிலிமேட்டில் ஷெட் வைத்திருக்கும் வாடகைக் கார் டிரைவர். கண் மங்கிக்கொண்டு வருகிறது.

இவர்களோடு ஒரு கறுப்புக் காரும் இருந்தது. மத்தியான வெயிலில் ஊர் பாதி தூக்கத்தில் கிடந்தது.

நீலாம்பாள்: ...அதான் சொல்றேன். நெசத்தச் சொல்லிட்டுக் கேட்டா ஆமாம்பான். விக்கணும்னு இருக்கறவன் எதுக்கும் ஆமாம்பான்.

வீரபாகு: சொல்லாம கேட்டா?

நீலாம்பாள்: இல்லம்பான். பொணம் ஏறின வண்டின்னா எவன் வாங்குவான்?

வீரபாகு: அப்ப ஆமான்னாலும் நம்ப முடியாது, இல்லன்னாலும் நம்ப முடியாது.

நீலாம்பாள்: முடியாது.

வீரபாகு: நல்லா இருக்குதும்மா இந்த வேல.

நீலாம்பாள்: நீ வாய வுடாம இருந்தாலே போதும். ஐயம்பேட்டையில எடுத்த எடுப்புல, இதுல யாருனா செத்தாங்களான்னு கேட்டுட்ட. அந்த ஆளு உள்ளங்கையில கற்பூரத்த ஏத்திக்கினு சத்தியம் பண்றான்.

வீரபாகு: கை வெந்து போச்சு, பாவம்.

நீலாம்பாள்: ஓரிக்கையில நெசத்தச் சொல்லிட்ட. ஒடனே, ஆமாங்க, என் வண்டியிலதான் செத்தாருன்னு அழுவறான். எந்த மாசம்னு கேட்டா, நீங்களே பாத்து ஒரு மாசம் சொல்லுங்கன்றான்.

வீரபாகு: சரி. இன்னிக்கு இன்னா பண்ணணும், சொல்லு.

நீலாம்பாள்: நீ இன்ஜினப் பத்திக் கேளு. நான் சீட்டப் பத்திக் கேக்கறேன்.

வீரபாகு: நீலா... ஒருவேள இதுவே அந்த வண்டியா இருந்துட்டா?

நீலாம்பாள்: இருந்துட்டா வாங்கிடுவோம்.

வீரபாகு: அப்புறம் தேட மாட்டியே?

நீலாம்பாள்: அப்புறம் எதத் தேடறது?

வீரபாகு: அதான் கேட்டேன்... இந்தா, இதான் ஷெட்டு. டிரைவரே... யாருப்பா உள்ள... அந்தோணி அண்ணே.

அந்தோணி: வாங்க மொதலியாரே. தூங்கலீங்க, சும்மா கண்ண மூடிக்கினு இருந்தேன். தங்கச்சியும் வந்திருக்குதா? வாம்மா.

வீரபாகு: நாம இதுக்கு முன்ன பாத்ததில்லன்னு நெனைக்கிறேன்.

அந்தோணி: எங்க பாத்தோம். இன்னிக்குத்தான் மொதல்ல பாக்கறேன். மூஞ்சியே புதுசு.

நீலாம்பாள்: அப்ப மொதலியாருன்னும் தங்கச்சின்னும் எப்படித் தெரிஞ்சுது?

அந்தோணி: அது... பிள்ளையார்பாளையத்துக்காரங்க வேட்டி கட்டறதே தனிம்மா. பாத்தா தெரிஞ்சுடும்.

வீரபாகு: வண்டியக் காட்டுங்க, வண்டியக் காட்டுங்க.

அந்தோணி: இதான். கதவத் தெறக்கறேன், வெளிச்சம் வரட்டும். டாக்டரு வெச்சிருந்த வண்டி மொதலியாரே.

நீலாம்பாள்: எல்லாப் பழைய வண்டியும் டாக்டரு வெச்சிருந்ததுதான். இத்தினி டாக்டருங்க இந்தப் பக்கம் இருந்திருந்தா எதுக்கு வேலூருக்குப் போவப் போறோம்?

அந்தோணி: வேலூரா? வேலூருன்னு எதுக்குச் சொல்றீங்க?

நீலாம்பாள்: சும்மா வாயில வந்துச்சு.

வீரபாகு: எத்தினி கை மாறியிருக்குது?

அந்தோணி: மூணு. மொதல்ல டாக்டரு. அப்புறம் ஆரணியில ஒரு அரிசி மில்லுக்காரரு. அப்புறம் நானு.

வீரபாகு: மில்லுக்காரரு எதுக்கு வித்தாரு?

அந்தோணி: மூட்ட ஏத்தினாரு. வண்டி கோவிச்சுக்கிச்சு.

வீரபாகு: நானும் மூட்டதான் ஏத்தப் போறேன்.

அந்தோணி: நீங்க ஏத்தறது பட்டு. அது மடியில வெச்ச கொழந்த மாதிரி. வண்டிக்கே தெரியாது.

வீரபாகு: இந்தப் பக்கம் கறுப்பு வேற மாதிரி இருக்குதே. அடி பட்டுதா?

அந்தோணி: ஒரு எரும இடிச்சுது.

வீரபாகு: வண்டி எருமைய இடிச்சுதா, எரும வண்டிய இடிச்சுதா?

அந்தோணி: வண்டி நின்னுக்கினு இருந்துச்சு மொதலியாரே. எருமதான் வேகமா வந்துச்சு.

வீரபாகு: இன்ஜின எறக்கி வேல பாத்ததா?

அந்தோணி: ஒரு தடவ. பொக வருமான்னு கேப்பீங்க. காலையில கொஞ்சம் வரும். பீடி குடிக்கற மனுசன் எழுந்ததும் இருமற மாதிரி. அப்புறம் சரியாயிடும்.

வீரபாகு: நீங்க எதுக்கு விக்கறீங்க?

அந்தோணி: கண்ணுதான். பொழுது சாஞ்சா ஒண்ணியும் தெரியல. மெட்ராசுல பொரைய அறுத்து எடுத்தா சரியாவும்ன்றாங்க. இத்த வித்தாதான் அதுக்கு வழி.

வீரபாகு: பகல்ல?

அந்தோணி: பகல்ல ஒரு கொறையும் இல்ல.

நீலாம்பாள்: அண்ணே, முன் சீட்டு கிழிஞ்சி பஞ்சு வந்துக்கினு இருக்குது. பின் சீட்டுக்கு மட்டும் எதுக்குப் புது ரெக்சினு?

அந்தோணி: அது... புதுசும்மா.

நீலாம்பாள்: புதுசுன்னு தெரியுது. எதுக்குன்னு கேட்டேன்.

அந்தோணி: கல்யாண ட்ரிப்புல பசங்க பிளேடு போட்டுட்டாங்க.

நீலாம்பாள்: பசங்க முன்னால உக்காரலியா?

அந்தோணி: முன்னால நான் இருந்தேனே. என் பக்கத்துல எவன் பிளேட எடுப்பான்? ஏறுங்க, ஏறுங்க. ஆத்தங்கரை வரைக்கும் ஓட்டிக் காட்டறேன். நிக்க வெச்சே பாத்தா ஒண்ணும் தெரியாது.

*

நீலாம்பாள்: கண்ணாடிய எறக்கி வுடலாமா?

அந்தோணி: எறக்குங்க. பாதி வரைக்கும்தான் எறங்கும்.

நீலாம்பாள்: பாதி போதும்.

வீரபாகு: கிளட்சு சத்தம் போடுது.

அந்தோணி: அது கிளட்சு இல்ல மொதலியாரே, என் செருப்பு.

வீரபாகு: இன்னா நீலா, பேச்சே காணோம்?

நீலாம்பாள்: கோபுரம் கூடவே வருது.

வீரபாகு: அது எங்க வருது? ரோடு வளைஞ்சு போவுது, அவ்ளோதான்.

நீலாம்பாள்: ஒரு பனமரத்துக்குப் பின்னால போச்சு. அடுத்த பனமரத்துக்குள்ள முன்னால வந்து நிக்குது... அண்ணே, தறியில உக்காந்தா தெருவுல போறவங்கள எனக்கு முட்டி வரைக்கும்தான் தெரியும்.

வீரபாகு: குழிக்குள்ள கால வுட்டுக்கினு உக்காந்தா அப்படித்தான் தெரியும்.

நீலாம்பாள்: காலப் பாத்துதான் யாருன்னு சொல்லுவேன். இதுல தலையெல்லாம் தெரியுது. அந்தப் பாத்திரக்கடைக்காரருக்கு நடு மண்டையில சொட்ட. இத்தினி வருசமா எனக்குத் தெரியாது.

அந்தோணி: தங்கச்சி தூக்கத்துல பேசற மாதிரியே பேசுது.

நீலாம்பாள்: தூக்கம் மாதிரிதான் இருக்குது. சத்தமெல்லாம் தூரமாப் போயிடுச்சு. நாம இருந்த எடத்துலயே இருக்கறோம், ரோடு மட்டும் அடியில ஓடிக்கினே இருக்குது... அலசிக் காயப் போட்ட பட்டு மாதிரி ஒரு மேகம். ஓரத்துல பிரிபிரியா...

வீரபாகு: நீ சீட்டப் பாக்க வந்தியா, மேகத்தப் பாக்க வந்தியா?

நீலாம்பாள்: ரெண்டுமே இங்கதானே இருக்குது.

வீரபாகு: டிரைவரே, எதிர்ல மாட்டு வண்டி.

அந்தோணி: தெரியுது.

வீரபாகு: ரெண்டு வண்டி.

அந்தோணி: ஒண்ணுதான் தெரியுது. பரவால்ல, ரெண்டுக்கும் சேத்து ஒதுங்கறேன்.

வீரபாகு: பகல்ல ஒரு கொறையும் இல்லன்னீங்க.

அந்தோணி: நல்ல பகல்னா காலையிலதான் மொதலியாரே. இது மத்தியானம்.

நீலாம்பாள்: அண்ணே, இந்த வண்டி வேலூருக்குப் போயிருக்குதா?

அந்தோணி: திரும்ப வேலூருக்கே வரீங்களே. திருத்தணி, திருப்பதி, திருவண்ணாமல, வேலூரு. வண்டின்னா எல்லா ஊருக்கும்தான் போவும்.

நீலாம்பாள்: சீக்காளிய ஏத்திக்கினு போயிருக்குதா?

அந்தோணி: போயிருக்குது. எல்லாரும் பொழச்சி வந்தாங்க.

நீலாம்பாள்: எல்லாருமா?

அந்தோணி: ஒருத்தரு வுடாம.

நீலாம்பாள்: கைராசியான வண்டி.

அந்தோணி: டாக்டரு வண்டியாச்சே.

வீரபாகு: ஆறு வந்துடுச்சு. அந்தப் புளியமரத்து நெழல்ல நிறுத்துங்க. இன்ஜினு சூடு ஏறுதான்னு பாக்கணும்.

*

அந்தோணி: பாருங்க, தொட்டுப் பாருங்க. வெந்நி கூட ஆவாது.

நீலாம்பாள்: அண்ணே, வண்டி கெடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன். ஒங்க தொழில்ல... ஏறின ஆளு வழியிலயே போயிட்டா இன்னா பண்ணுவாங்க?

அந்தோணி: எதுக்கும்மா அதெல்லாம் இந்த நேரத்துல...

நீலாம்பாள்: சும்மா தெரிஞ்சிக்கத்தான்.

அந்தோணி: நான் பண்ணதில்ல. பண்ணவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். பொணம்னா எவனும் வண்டியில ஏத்த மாட்டான். ஏறின பின்னால போயிட்டா நடு ரோட்டுல எறக்கி வுடவும் முடியாது. அதனால செத்தாருன்னு யாரும் வாய தெறக்கக் கூடாது. டிரைவரும் சொல்ல மாட்டான், கூட வரவங்களும் சொல்லக் கூடாது. ஜன்னல் ஓரமா உக்கார வெச்சு, நெஞ்சுல துண்டக் கட்டி, தலையில மப்ளரச் சுத்தி... தூங்கறாருன்னு கூட்டிக்கினு வருவாங்க.

நீலாம்பாள்: யாருனா பாத்துட்டா?

அந்தோணி: டீக்கடையில நிறுத்தினா அவருக்கும் சேத்து ஒரு டீ வாங்குவாங்க. கையில குடுக்கற மாதிரி குடுத்து, அவரே போதும்னு சொன்ன மாதிரி திருப்பி வாங்கி டிரைவரு குடிச்சிடுவான்.

வீரபாகு: கர்மம்.

அந்தோணி: தொழிலு மொதலியாரே. பொணம் ஏறிச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் ஒரு கல்யாணத்துக்குக் கூப்புடுவாங்களா, ஒரு காதுகுத்துக்குக் கூப்புடுவாங்களா? வூட்டு வாசல்ல எறக்கிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடணும். வந்து வண்டிய ஆத்துல வுட்டுக் கழுவி, மஞ்சத் தண்ணி தெளிச்சி, சீட்டுத் துணிய மாத்திடணும்.

நீலாம்பாள்: சீட்டுத் துணிய.

அந்தோணி: ஆமா... பொதுவாச் சொன்னேன்.

நீலாம்பாள்: எறக்கும்போது எப்படி இருக்கும் ஒடம்பு?

அந்தோணி: அது வேணாம்மா.

நீலாம்பாள்: சொல்லுங்க.

அந்தோணி: உக்காந்த வாக்குலயே இருக்கும். முட்டி நிமிராது. அந்த மனுசனுக்கும் அப்படித்தான். பெரியவரு ஒரு பக்கம் புடிக்கிறாரு, நான் ஒரு பக்கம்...

நீலாம்பாள்: எந்த மனுசனுக்கு?

அந்தோணி: இன்ஜினு ஆறிடுச்சு, கெளம்பலாம்மா.

நீலாம்பாள்: அந்தோணி அண்ணே. எந்த மனுசனுக்கு?

வீரபாகு: சொல்லுங்க டிரைவரே. பயப்படாதீங்க. நாங்க வாங்காம போவ மாட்டோம்.

அந்தோணி: எப்படிச் சொல்றது... நீங்க சீட்டப் பத்திக் கேட்டப்பவே சொல்லியிருக்கணும். ஒங்க ஊருதாம்மா. பிள்ளையார்பாளையம். நெசவுக்காரரு. மூச்சு வுட முடியாம இருந்தாரு. அவரோட அப்பாரு, பெரியவரு, கூட வந்தாரு. ஓச்சேரி தாண்டினதும் சத்தம் நின்னு போச்சு. அதுக்கு மேல வேலூருக்குப் போயி இன்னா பண்றது? பெரியவரு, யார்கிட்டயும் சொல்லாதப்பா, நானும் சொல்ல மாட்டேன்னாரு. வண்டியத் திருப்பிட்டேன்.

நீலாம்பாள்: எங்க உக்காந்துக்கினு இருந்தாரு?

அந்தோணி: நீங்க உக்காந்து வந்த எடத்துலதான்.

வீரபாகு: நீலா. இன்னாம்மா... மயக்கம் எதுனா வருதா?

நீலாம்பாள்: இல்ல. கடைசியா இன்னா சொன்னாரு?

அந்தோணி: ஒங்க பேரச் சொன்னாரும்மா. நீலா, நீலான்னு. கண்ணுலேருந்து தண்ணி தாரதாரையா...

வீரபாகு: சரிப்பா. அது போதும்.

அந்தோணி: தறியிலேருந்து பொடவைய அறுத்துட்டியான்னு கேட்டாரு.

நீலாம்பாள்: யாரக் கேட்டாரு?

அந்தோணி: ஒங்களத்தான்.

நீலாம்பாள்: நான் அங்க இல்லியே.

அந்தோணி: அதாம்மா பாவம். பதில் சொல்லக் கூட ஆளில்ல...

வீரபாகு: போதும்னு சொல்றேன் இல்ல. அவ மனசு இன்னாத்துக்கு ஆவும்?

நீலாம்பாள்: நான் கொஞ்ச நேரம் அங்க தனியா உக்காந்துக்கினு இருக்கறேன். நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போங்க.

வீரபாகு: உக்காரு. எவ்ளோ நேரம் வேணும்னாலும் உக்காரு. வாங்க டிரைவரே, மணல்ல கொஞ்சம் நடப்போம்.

*

அந்தோணி: சரியாச் சொன்னனா மொதலியாரே?

வீரபாகு: மெதுவாப் பேசு. முட்டி, மப்ளரு, ஓச்சேரி. இந்த மூணுதானே நேத்து ஒனக்குச் சொல்லிக் குடுத்தேன்? பேரச் சொன்னாரு, பொடவையக் கேட்டாருன்னு எவன் சொல்லச் சொன்னான்?

அந்தோணி: வாய் தானாப் போயிடுச்சு. பாதி சொல்லும்போது எனக்கே எல்லாம் நடந்த மாதிரி இருந்துச்சு. அந்தப் பெரியவரு மூஞ்சி கூடத் தெரிஞ்சுது.

வீரபாகு: எருமையே ஒனக்குத் தெரிய மாட்டேன்னுது. பெரியவரு தெரிஞ்சுட்டாரா?

அந்தோணி: நம்பிடுச்சா தங்கச்சி?

வீரபாகு: நம்பிடுச்சுன்னுதான் நெனைக்கிறேன். மூஞ்சி மாறிப் போச்சு. எனக்கு வேற வழி தெரியல அந்தோணி. இவ தேடற வண்டி கெடைக்கறதுக்குள்ள நான் பஸ்ஸுலயே கெழவனாயிடுவேன். எந்த ஊரு வண்டி, எந்த டிரைவரு... சொல்ல வேண்டியவரும் செத்துட்டாரு. இருக்கற வண்டியையெல்லாம் வேணாம், வேணாம்னு வந்துக்கினே இருந்தா எப்போ வாங்கறது? தேடறது நின்னா அவளும் நிம்மதியா இருப்பா.

அந்தோணி: ஒண்ணு சொல்லணும் மொதலியாரே. மனசு கேக்கல. சத்தியமா என் வண்டியில ஒருத்தரும் செத்ததில்ல. ஊருல அவனவன் செத்த வண்டியச் சாவலன்னு சொல்லி விக்கறான். நான் ஒருத்தன்தான் நல்ல வண்டிய, ஆளு செத்துதுன்னு சொல்லி விக்கறேன்.

வீரபாகு: அத்த இதோட மறந்துடு. வேற எவன்கிட்டயும் மூச்சு வுடக் கூடாது. முகூர்த்தப் பொடவ ஏத்தப் போற வண்டி. பொணம் ஏறிச்சுன்னு தெரு பேச ஆரம்பிச்சா என் பொழப்பு போச்சு.

அந்தோணி: தங்கச்சி சொல்லிடுச்சுன்னா?

வீரபாகு: சொல்ல மாட்டா. நான் சொல்லிப் புரிய வெச்சுடுவேன். இந்த ஒரு தடவதான். இதுக்கப்புறம் அவளுக்கும் இந்த வண்டிக்கும் சம்பந்தமில்ல. வியாபாரத்துக்குப் போற வண்டியில அவ எதுக்கு ஏறப் போறா? வா, அங்கேருந்து பாக்கறா.

*

நீலாம்பாள்: பேசி முடிச்சாச்சா?

வீரபாகு: இன்னா பேசறது. பீடிக்கு நெருப்பு கேட்டாரு.

நீலாம்பாள்: வண்டிய வாங்கிடு அண்ணே.

வீரபாகு: நெசமாவா?

நீலாம்பாள்: நல்ல வண்டி. ஓடும்போது காத்து நல்லா வருது.

வீரபாகு: இப்போ மனசு ஆறிச்சா?

நீலாம்பாள்: ஆறறதுக்கு இது அந்த வண்டி இல்லியே.

அந்தோணி: தங்கச்சி, மாதா மேல ஆணையா...

நீலாம்பாள்: வேணாம் அண்ணே. மாதாவ வுட்டுடுங்க.

வீரபாகு: இன்னா பேசற நீ? நேர்ல பாத்தவரு சொல்றாரு. நீ எத வெச்சு இல்லன்ற?

நீலாம்பாள்: அந்த வண்டி தாமல்ல இருக்குது.

வீரபாகு: எங்க?

நீலாம்பாள்: தாமல் ஊருல. போன வருசம் ஆடியில கறுப்புக் காருன்னு சொன்னாங்கன்னு போனோம், போயி பாத்தா பச்சக் காரு. நீ வாசல்ல நின்னு பேரம் பேசிக்கினு இருந்த. நான் தண்ணி குடிக்கப் பின்கட்டுக்குப் போனேன். அங்க ஒரு கறுப்புக் காரு, சக்கரமில்லாம கல்லு மேல நிக்குது. உள்ள கோழி அடைச்சிருக்காங்க. அந்த வூட்டுப் பெரியவரு என்னப் பாத்ததும் எழுந்து நின்னுட்டாரு. அவருதான் வேலூருக்கு ஓட்டினவரு, பொணத்த எறக்கின அன்னிக்கு எங்க வாசல்ல என்னப் பாத்திருக்காரு. நான் ஒண்ணுமே கேக்கல. அவரா சொன்னாரு.

வீரபாகு: இன்னா சொன்னாரு? கடைசியா மாப்பிள்ள எதுனா...

நீலாம்பாள்: தூக்கம் வருதுன்னு சொன்னாராம். அவ்ளோதான்.

வீரபாகு: அதுல உக்காந்து பாத்தியா?

நீலாம்பாள்: உக்காந்தேன். ஒரே கோழி நாத்தம். எழுந்து வந்துட்டேன்.

வீரபாகு: ஒரு வருசம் நீலா. ஒரு வருசமா என்கிட்ட சொல்லாம...

நீலாம்பாள்: நீயும்தான் முன்னாலயே இவரப் பாத்துட்டு, இன்னிக்கு மூஞ்சி தெரியாத மாதிரி நின்ன. முட்டியப் பத்தி நம்ம வூட்டத் தவிர வெளியில யாருக்குத் தெரியும்?

அந்தோணி: நான் வேணும்னா அந்தப் பக்கம் போயிடறேன்.

நீலாம்பாள்: நீங்க இருங்க, அந்தோணி அண்ணே. ஒங்க வண்டி வித்தாச்சு. ஆனா நீ கேளு அண்ணே, தெருவுக்கு இது அந்த வண்டிதான். போனதும் நீயே சொல்லிடு. அவரு செத்த வண்டி கெடைச்சிடுச்சு, அமாவாசைக்கு அமாவாசை என் தங்கச்சி அந்த சீட்டுல உக்காந்து ஒரு சுத்து போயிட்டு வரணும்னு.

வீரபாகு: ஒனக்கு இன்னா பைத்தியமா? முகூர்த்தப் பொடவ ஏத்தற வண்டியில பொணம் ஏறிச்சுன்னு நானே போயி தெருவுல சொல்றதா?

நீலாம்பாள்: அந்தப் பொய்ய நீதான் உண்டாக்கின. நீயே சுமந்துக்கினு போ. மெட்ராசு கடைக்காரனுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது?

வீரபாகு: அப்ப இந்த ஒரு வருசமா ஐயம்பேட்ட, ஓரிக்கைன்னு என்ன வெயில்ல இழுத்துக்கினு அலைஞ்சியே. கெடைச்ச வண்டிய எதுக்குடி தேடின? அத்த மட்டும் சொல்லு.

நீலாம்பாள்: செத்த புருசனோட வண்டியத் தேடிக்கினு போறேன்னா தெரு ஒதுங்கி நின்னு வழி வுடுது. காருல காத்து வாங்கப் போறேன்னா வுடுமா? நீ வுட்டிருப்பியா? தாமல்லேருந்து அந்தப் பச்சக் காருலதான் ஓட்டிக் காட்டறேன்னு கொண்டாந்து வுட்டாங்க, அழுதுக்கினுதான் ஏறினேன். பாதி வழியில ஜன்னல்ல வெள்ளையா கொக்கு பறந்துச்சு, அழறத மறந்துட்டேன். அதுலேருந்து ஓட்டிக் காட்டறேன்னு எவன் சொன்னாலும் ஏறிக்கினேன்... கைய எடு அண்ணே, கதவுல மாட்டிக்கும். நீ மணல்ல நடந்து வா. அந்தோணி அண்ணே, நீங்க ஏறுங்க, வந்தவாசி ரோட்டுல கொஞ்ச தூரம் போயிட்டு வரலாம். என் பக்கம் சாத்தி உள்ள பூட்டிட்டேன். எடுங்க.